யூஜினி பிடித்த சாந்தா

அஜக்ஸ் நகரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற யூஜினிக்கு வயது ஐம்பத்தாறு. காலை ஓட்டம் ஒன்பது மணிக்கு முடியும். பின்னேர ஓட்டம் இரண்டரைக்குத் தொடங்கும். இடையிலுள்ள நேரத்தில் பல வருடங்களாக அவர் சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், சின்னதாக ஒரு நித்திரை கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு முழங்கால் ஒப்பரேஷன் செய்து வீட்டிலிருந்தபோது, கொம்பியூட்டரில் சீட்டு விளையாட்டொன்றைத் தேடப்போய், பக்கத்தில் மினுங்கிய பாய்க்கப்பல் படத்தை அமத்திவிட்டார். அன்றிலிருந்து அவர் கடலில் இருக்கிறார்.

உலகமெங்கும் இருக்கிற ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, பழைய காலத்துப் பாய்க்கப்பல்களில் சண்டை பிடிக்கிற விளையாட்டு அது. பீரங்கிக்கு மூன்று வகைக் குண்டு. பெரிய குண்டு கப்பலின் உடம்பை உடைக்கும். சங்கிலிக் குண்டு பாயைக் கிழிக்கும். பொடிக் குண்டான சன்னம் மேல்தட்டில் நிற்கிற மாலுமிகளை விழுத்தும். மற்றவர்கள் பெரிய குண்டையே அடித்து, எதிரியின் கப்பலைக் கடலில் தாட்டுவிட்டுச் சந்தோசப்பட்டார்கள். யூஜினிக்கு அது விளங்கவில்லை.

“முழுக் கப்பலையும் தாட்டுப்போட்டு வெறுங்கையோடை வாறதோ?” என்று புருசன் வாகீசனிடம் கேட்டார்.

வாகீசன் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். “எந்தக் கப்பல்?” என்றார்.

யூஜினியின் முறை வேறு. காற்று தன் முதுகுப்பக்கம் வரும்வரை சுற்றிக்கொண்டே இருப்பார். அரை மணித்தியாலம் போனாலும் கவலையில்லை. பிறகு சங்கிலிக் குண்டால் பாயைக் கிழித்து எதிரியை நொண்ட வைப்பார். பீரங்கிகள் எல்லாம் கப்பலின் இரண்டு பக்கத்திலும்தான் இருக்கும், பின்புறம் வெறுமை. 401 நெடுஞ்சாலையில் பஸ் ஓட்டிய அனுபவத்தில், ஒருவரும் பின்னால் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அங்கே போய் நின்று சன்னம் அடிப்பார். எதிரியிடம் பாதி ஆட்களும் மிஞ்சவில்லை என்றானதும், பக்கத்தில் அணைத்துத் தன் ஆட்களைப் பாயவிடுவார். கப்பல் உடையாமல் கைக்கு வந்துவிடும்.

அப்படி முப்பத்தொரு கப்பல். அவருடைய பக்கத்தார் அவரை ‘சேர்’ என்று அழைத்தார்கள். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி என்று யாரோ ஒருவன் கதை கட்டியிருந்தான். யூஜினி எழுத்தில்தான் கதைப்பார், குரல் காட்டுவதில்லை. மறுக்கவும் இல்லை.

போன மார்ச் விடுமுறையில், பஸ் ஓட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பது பீரங்கிக் கப்பலொன்றைப் பிடித்தார். ஏறிப் பார்த்தால் பின்பக்கத்தில் ‘சாந்தா’ என்று தமிழில் எழுதியிருந்தது. யூஜினி திகைத்துப்போய், “தமிழோ?” என்று எழுதினார்.

“ஆமா சார். மூணு மாசம் உழைச்சு வாங்கின கப்பல் சார். தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துடுங்க.”

“நான் சேர் இல்லைத் தம்பி. அன்ரி. அஜக்ஸிலை இருக்கிறன்.”

எதிரி மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். பிறகு, தன் பெயர் நரசிம்மன், ஊர் கும்பகோணம், டவுன்டவுனில் சொஃப்ட்வேர் வேலை, நேரில் வந்து பேசலாமா என்று எழுதினான்.

சனிக்கிழமை பிக்கரிங் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில் சந்தித்தார்கள். நரசிம்மன் தனியாக வரவில்லை. எங்கே போகிறான் என்று சந்தேகப்பட்டு மனைவியும் கூடவே ரயிலேறியிருந்தாள். அவள் பெயர் சாந்தா.

“கதவைச் சாத்திக்கிட்டு, காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, மீட்டிங்னு சொன்னியே, இதுதானா?” என்றாள்.

“உன் பேரைத்தானே வெச்சிருந்தேன்” என்றான் நரசிம்மன்.

“வெச்சு? பறிகுடுத்துட்டு வந்து நிக்கிற.”

யூஜினிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “தம்பி, எதிரிப் பக்கத்துக்குக் கப்பலைக் குடுக்கேலாது. எங்கடை பக்கத்துக்கு மாறினீங்களெண்டால் உடனை தாறன்.”

“பக்கம் மாற மாட்டேன், ஆன்ட்டி. எங்க ஆளுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“அப்ப நான் அசையாமல் நிக்கிறன். நீங்கள் வந்து பிடியுங்கோ.”

“வேணாம் ஆன்ட்டி” என்றாள் சாந்தா. “நீங்க ஓட்டுங்க. அவன் முடிஞ்சாப் பிடிக்கட்டும்.”

அடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சண்டை. யூஜினி ‘சாந்தா’வில் போனார். நரசிம்மன் தன் பக்கத்தாரிடம் கடன்பட்டு இன்னொரு கப்பல் வாங்கி வந்திருந்தான். அதன் பெயர் ‘சாந்தா 2’. வாகீசன் முதல் தடவையாகப் பின்னால் கதிரை போட்டு இருந்து பார்த்தார்.

நரசிம்மன் ஒரு கிழமையாக யூஜினியின் பழைய சண்டைப் பதிவுகளைப் பார்த்துப் படித்திருக்க வேண்டும். காற்றை முதுகில் எடுத்தான். பாயைக் கிழித்தான். பின்னால் வந்து ஒட்டிக்கொண்டான். யூஜினியின் மாலுமிகள் கொத்தாக விழுந்தார்கள். தன் கையாலேயே தனக்கு அடி விழுவதுபோல அவருக்கு முகம் சிவந்தது.

“விடுமன், பாவம் பெடியன்” என்றார் வாகீசன்.

“விட்டால் அந்தச் சாந்தாப் பிள்ளை என்னைப் பற்றி என்ன நினைக்கும்?”

நெடுஞ்சாலையில் நெருக்கிக்கொண்டு பின்னால் வருகிறவன் முன்னாலிருப்பவரின் பிரேக்கை எதிர்பார்ப்பதில்லை. யூஜினி மிச்சமிருந்த பாய் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுருட்டி, சுக்கானை முழுக்கத் திருப்பினார். ‘சாந்தா’ முக்கிக்கொண்டு நின்றது. வேகத்தோடு வந்த ‘சாந்தா 2’ பக்கத்தால் உரசித் தாண்டிப்போய், தன் வெறும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போனது. யூஜினி பாயை மறுபடி விரித்தபடியே இரண்டு தடவை சன்னம் அடித்தார். பிறகு அணைத்தார்.

“பிடிச்சிட்டீரோ?” என்றார் வாகீசன். கதிரையை விட்டு எழும்பியது அவருக்கே தெரியவில்லை.

சில நிமிடத்தில் ஃபோன் அடித்தது. சாந்தா. “ஆன்ட்டி, உங்க பக்கத்துல நான் சேர்ந்தா அந்த மொதக் கப்பலை எனக்குக் குடுப்பீங்களா?”

அன்றே சேர்ந்தாள். யூஜினி முதலாவது ‘சாந்தா’வை அவளுக்குக் கொடுத்தார். நரசிம்மன் பதினொரு நாள் வீம்பு பிடித்தான். பிறகு அவனும் வந்தான். கொடுப்பதற்கு ‘சாந்தா 2’ இருந்தது, ஆனால் சாந்தா சம்மதிக்கவில்லை. இரண்டே பீரங்கியுள்ள தோணியொன்றில் மனைவியின் கப்பலுக்கு மருந்தும் மரப்பலகையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போவது அவனுக்கு வேலையானது. அதை அவன் சுத்தமாகச் செய்தான் என்று யூஜினி சொல்கிறார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த அடுத்த கிழமை இருவரையும் அஜக்ஸுக்குச் சாப்பிட அழைத்தார்கள். நரசிம்மன் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன் என்றபடியால் வாகீசன் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார். மேசையில் காற்று, பாய், சுக்கான் என்று மூன்று பேரும் விடாமல் கதைத்தார்கள். வாகீசன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “உங்களிலை ஆருக்கு நீந்தத் தெரியும்?” என்றார்.

மூன்று கப்டன்மாரும் குனிந்து இடியப்பத்தைப் பிய்த்தார்கள். பிறகு யூஜினி, “சொதியை இஞ்சாலை தள்ளுங்கோ” என்றார்.