மாப்பிள்ளை நாற்காலியும் கிராமசபையும்

கால் உடைந்த நாற்காலியைக் கம்பி கட்டித் தேற்றிவிடலாம். அதில் உட்காருகிறவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்கள் மட்டுமல்ல, பந்தல்காரர்களும் மைக்செட்காரர்களுமான நீங்களும்கூட இதற்குத் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சிவப்பு வெல்வெட்

விருத்தாசலத்தில் என் வாடகை நாற்காலிக் கடை. கல்யாண மாப்பிள்ளைக்கென்று சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்று வைத்திருந்தேன். நல்லூர்ப் பக்கத்து ஊராட்சித் தலைவர் ஒருவர், மாப்பிள்ளை வயதைத் தாண்டி வெகுகாலம் ஆனவர், எந்தக் கூட்டம் என்றாலும் அதைத்தான் கேட்பார்.

இரண்டாயிரத்து ஆறு தேர்தலில் அந்தப் பதவி பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. சிராமிக் கம்பெனியில் சூளையில் பீங்கான் பொம்மை அடுக்கும் செல்வியைத் தானே நிறுத்தி, ஜெயிக்கவும் வைத்தார் பெரியவர். இனியாவது என் நாற்காலிக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். பெரியவரிடமிருந்து போன் வந்தது. "தலைவருதான் மாறியிருக்குது, நாற்காலி மாறலப்பா. குடியரசு தினத்துக்கு அனுப்பிடு."

நின்ற தலைவி

குடியரசு தினக் கிராமசபையில் பெரியவர் வெல்வெட்டில் இருந்தார், பக்கத்தில் செல்வி நின்றார். கிழக்குத் தெருவுக்குக் குடிதண்ணீர் மோட்டார் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். செல்வியின் தெருவும் அதுதான். அவர் வாயைத் திறப்பதற்குள், "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று முடித்துவிட்டார் பெரியவர்.

நாற்காலிகளோடு நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் செல்வியிடம் கொண்டுபோனேன். பெரியவர் கைகாட்டித் தடுத்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. "நிக்கட்டும்பா. சிராமிக்குல நின்னு பழகுன ஒடம்புதான."

மே தின வெயில்

அடுத்த கிராமசபை மே தினத்தன்று. அதே மேடை, அதே வெல்வெட். கூட்டம் தொடங்கியதும் செல்வி இறங்கிப்போய், வேப்பமர நிழலில் தார்ப்பாயில் இருந்த பெண்கள் நடுவே உட்கார்ந்தார். "எங்கம்மா போற?" என்றார் பெரியவர். "நாளெல்லாம் நின்ன காலுங்கய்யா, வலிக்குது" என்றார் செல்வி.

தலைவர் கையெழுத்து இல்லாமல் தீர்மானம் ஏது? ஊராட்சி கிளார்க் கீழே வந்தார், ஒன்றியத்து அதிகாரியும் வந்து சம்மணம் போட்டார். ஜனங்கள் மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மோட்டார் தீர்மானத்தைச் செல்வி வாசித்தார், எல்லாரும் கை தூக்கினார்கள், அங்கேயே அவர் கையெழுத்துப் போட்டார். மேடையில் இருந்தவருக்கு முதுகுகள்தான் தெரிந்தன. உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரியவர் என்னைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: "ஏம்பா, இந்த நாற்காலியக் கொஞ்சம் கீழ எறக்கிப் போடேன்."

புது ஆர்டர்

ஆகஸ்டுக்குள் கிழக்குத் தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. சுதந்திர தினக் கூட்டத்துக்குச் செல்வியே போன் செய்தார். வெல்வெட் அனுப்பவா என்று கேட்டேன். "நாற்காலியே வேணாங்கண்ணே. தார்ப்பாய் மட்டும் ஒண்ணு சேத்து அனுப்புங்க. பெரியவருக்கும் எடம் வேணுமில்ல."

தலைவர்கள் தரையில் உட்கார ஆரம்பித்தால் நாட்டுக்கு நல்லதுதான், நாற்காலிக் கடைக்காரன் பிழைப்புதான் கெட்டுப்போகிறது.