கொழுந்துக்கு இருக்கும் கவனம்

பக்கவாதம் வந்த ஐந்தாவது மாதம் அக்கா இடது கையால் தேநீர்க் கோப்பையைப் பிடித்தாள். அரைக் கோப்பைதான், வலது கையும் அடியில் துணைக்கு இருந்தது. ஆனாலும் பிடித்தாள். நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதினேன்: காலை ஆறு இருபது.

அதிலிருந்து எட்டாம் நாள் அந்தக் கை போனது.

அன்று கிளினிக். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு முப்பத்தேழு படிகள். கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள் நான். நடக்க முடியாதவரை எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பில் துணிப்பட்டை கட்டி, நாற்காலியோடு இரண்டு பேர் இறக்க வேண்டும். ஆட்டோ வந்துவிட்டதா என்று பார்க்கக் கீழே போனேன். திரும்பி ஏறும்போது அக்காவின் அலறல் கேட்டது.

பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் பையனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். தேயிலைக் கொழுந்து லொறிக்குச் சாக்கு ஏற்றுபவன். உதவிக்கு நான்தான் வரச் சொல்லியிருந்தேன். எனக்காகக் காத்திராமல், அக்காவின் இடது கையைப் பிடித்து இழுத்து, முதுகில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"எறக்குடா!" என்று கத்தினேன்.

"ஏன் சின்னம்மா பதறுறீங்க? ரெண்டு சாக்க ஒண்ணா தூக்குறவன் நான். பெரியம்மா பஞ்சு மாதிரி இருக்காங்க."

தோள்மூட்டு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டினார்கள்.

இதே தம்பி கொழுந்துச் சாக்கை எப்படி இறக்குவான் என்று பார்த்திருக்கிறேன். அழுத்த மாட்டான், எறிய மாட்டான், மேலே யாரையும் உட்காரவிட மாட்டான். கசங்கினால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும் என்று வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஏசி ஏசிப் பழக்கியிருக்கிறார். இலையைத் தூக்க இந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆளைத் தூக்க ஒருவருக்கும் இல்லை. நோயாளி என்றால் கம்பளியில் சுருட்டு, கையைப் பிடி, காலைப் பிடி, இழு.

என் மேலும் எனக்குக் கோபம். 'இடது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது' என்று நாட்குறிப்பில் மூன்று இடத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அதை யார் படிக்கப் போகிறார்கள்? தம்பியிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த கிளினிக் நாள் அவனும் அவனுடைய கூட்டாளியும் வந்தார்கள். வாசலை மறித்து நின்றேன்.

"காலைப் பெரட்டுல ஆள நிறுத்தி வேல பிரிக்கிற தொரை மாதிரில்ல நிக்கிறாங்க," என்றான் கூட்டாளி.

"ஆமா, பெரட்டுதான். கேட்டுட்டு உள்ள வாங்க. சாக்கு வாயப் புடிச்சு இழுத்தா தையல் விட்டுருமா இல்லையா?"

"விட்டுரும்," என்றான் தம்பி.

"சாக்க திருப்பித் தைச்சுக்கலாம். அக்கா தோள?"

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டை கட்டி, எங்கே பிடிப்பது என்று காட்டினேன். ஒருவன் நாற்காலியின் முதுகையும் மற்றவன் முன்கால்களையும் பிடித்தார்கள். "பெரியம்மா, தூக்கவா?" என்று தம்பி கேட்டான். அக்கா தலையாட்டிய பிறகுதான் தூக்கினார்கள். முப்பத்தேழு படியும் ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கினார்கள்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் கூடியது. சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா இப்போது வலது கையால் மட்டும் குடிக்கிறாள். இடது கை மடியில் கிடக்கிறது.