பாலுக்கு ஓர் அறை

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஓர் அறைக் கதவில் என் பெயரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். காலை பத்தரை மணிக்கு இருபது நிமிடம் அது என் அறை. உள்ளே சாய்வு நாற்காலி, கை கழுவத் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ். பால் கொடுக்கும் தாய்மார் பம்பு வைத்துப் பால் எடுத்துக்கொள்வதற்காம். அந்த நேரத்தில் மேலாளரே வந்தாலும் கதவைத் தட்டமாட்டார். சம்பளத்திலும் பிடிப்பதில்லை. ஊரில் இருக்கும் உங்களிடம் சொன்னால் கதை விடுகிறாள் என்பீர்கள்.

ஜவ்வாது மலை சுகாதார நிலையத்தில் நான் ஒப்பந்த நர்ஸாக இருந்தபோது, மதியத்தில் என் நாத்தனார் செல்வி, என் மகள் தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு வருவாள். தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கும் மருந்துப் பெட்டிகளுக்கும் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து பால் கொடுப்பேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், "வேல நேரத்துல இன்னாம்மா இது?" என்று கேட்டபோது கூசிப்போனேன். வரிசையில் நின்ற பெண்கள்தான், "புள்ள குடிச்சி முடிக்கட்டும்மா, நாங்க இன்னா பஸ்ஸுக்கா ஓடறோம்?" என்றார்கள். பஸ் வந்தால்தானே ஓடுவதற்கு.

தேன்மொழிக்கு ஏழு மாதமானபோது எனக்கு விசா வந்தது. அவளுக்கு வரவில்லை. ஆறு மாதத்தில் அவளையும் அவள் அப்பாவையும் அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். செல்விக்கும் கைக்குழந்தை இருந்தது. "ஒன்னுக்குக் குடுக்கறத ரெண்டுக்கும் குடுக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க அண்ணி" என்றாள். அதுவரை பாலை வற்றவிடாமல் வைத்திருந்தால், வந்ததும் பிள்ளை என்னிடமே குடிப்பாள் என்று நினைத்தேன். படித்த நர்ஸ் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள்.

இங்கே வந்து எடுத்த பாலைத் தொட்டியில் கொட்ட மனம் வரவில்லை. தாய்ப்பாலைக் கால்படும் இடத்தில் ஊற்றக்கூடாது, எறும்பு மொய்த்தால் சுரப்பு நின்றுவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதனால் இல்லத்தின் பின்வாசல் ரோஜாச் செடியின் வேரில் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்த மேலாளர் மேரி பதறிவிட்டார். "கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் ஐஸ் வைக்கும் நீலப் பை ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். வீடு போகும்வரை பால் கெடாதாம். பிள்ளை எங்கே என்று அவர் கேட்கவில்லை. இங்கே யாரும் கேட்கமாட்டார்கள், அதுதான் இவர்களுக்கு மரியாதை. போளூர் பஸ் கண்டக்டராக இருந்தால், "கொயந்தய யார்கிட்ட வுட்டுட்டு வந்த?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால், தினமும் பாலை அந்தப் பையில் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு செடியைத் தேடி ஊற்றினேன்.

இங்கே வந்த ஐந்தாம் மாதம் பாட்டிலின் அடி நனையும் அளவுக்குத்தான் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. இப்போது எட்டாம் மாதம். தேன்மொழியின் விசா இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

போன வாரம், பிரசவ விடுப்பு முடிந்து இன்னொரு பெண் வேலைக்கு வருகிறாள், உனக்கு அறை இன்னும் வேண்டுமா என்று மேரி கேட்டார். வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "எத்தனை நாள் வேண்டுமோ வைத்துக்கொள், அவளுக்கு வேறு நேரம் தருகிறேன்" என்று தோளைத் தட்டினார். நல்ல மனுஷி. வெட்கமாக இருந்தது, ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை.

நேற்று அந்த அறையில் உட்கார்ந்து செல்வியை வீடியோவில் கூப்பிட்டேன். மலையில் பிற்பகல் மூன்று மணி. சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்றிருந்தாள். "அம்மா பாரு, அம்மா" என்று போனைக் காட்டினாள். தேன்மொழி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வீறிட்டாள். "அம்மா" என்று செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாராப்பை இழுத்தாள்.

செல்வி துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட வந்துட்டா மாறிடுவா அண்ணி. இன்னா பண்றது, அழுவுறா..."

முன்பெல்லாம் போனில் தேன்மொழி அழுதாலே பால் சுரந்து என் சட்டை நனைந்துவிடும். குனிந்து பார்த்தேன். காய்ந்திருந்தது.

"குடு செல்வி" என்றேன். "அவளுக்குப் பசி."

குடித்தாள். அழுகை நின்றது. போனை என் மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவள் தூங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.