சுவரோரம் விழுந்த ஊசி

ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரு சிறிய மருத்துவக் கருவி நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. குழாயில் நிரம்பியிருக்கும் கெட்டியான திரவத்துக்குள் மெல்லிய கம்பி ஒன்றை மோட்டார் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சோதனையில் கம்பி பாதியிலேயே நின்றுவிட்டது. மோட்டாருக்கு வலு போதவில்லை.

ஏன் என்று நான் அளந்து பார்த்தேன். கம்பி குழாயின் நடுவில் போனபோது எங்கள் கணக்கு சரியாகவே வந்தது. சுவரை ஒட்டிப் போனபோதுதான் திரவம் அதை அப்படி இழுத்துப் பிடித்தது. சுற்றிலும் சுவரே இல்லாததுபோலக் கணக்குப் போட்டிருந்தோம்.

என் மேலாளர் பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். என் அளவுகளைப் பார்த்துவிட்டு, "உன் கை ஆடியிருக்கும்மா. சுவர்கிட்ட எடுத்த ரீடிங்லாம் நக்கோ, வேணாம், தூக்கிடு. நாளைக்கு மீட்டிங்ல ரிப்போர்ட் வைக்கணும்" என்றார்.

"தூக்க மாட்டேன் சார். விஷயமே அதுலதான் இருக்கு."

"கைக்கு? ஏன் இவ்ளோ பிடிவாதம்? நீ சேர்ந்து எத்தனை மாசம் ஆச்சு?"

நான் சேர்ந்து எத்தனை மாதம் என்று அந்தத் திரவம் கேட்கவில்லையே!

மறுநாள் மீட்டிங்கில், உயரமான கண்ணாடி ஜாடி நிறையக் கிளிசரினைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரே அளவான தையல் ஊசிகள் இரண்டை எடுத்து, ஒன்றை நடுவிலும் மற்றதைக் கண்ணாடியை ஒட்டியும் நேர்குத்தாக ஒரே சமயத்தில் விட்டேன்.

நடுவில் விட்ட ஊசி அடியைத் தொட்டபோது சுவரோர ஊசி பாதி வழியில்தான் இருந்தது. நிறுவனத் தலைவர் எழுந்து வந்து, என்னிடம் வேறு ஊசிகள் கேட்டு வாங்கி, தானே போட்டுப் பார்த்தார். அதேதான் நடந்தது.

வெளியே வந்ததும் மேலாளர், "என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"தனியாத்தான் சார் சொன்னேன். தூக்கிடுன்னீங்க."

சுவரையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தினோம். வலுவான மோட்டார் வந்தது. கம்பி நிற்காமல் கடைசிவரை போனது.

அந்த வருட மதிப்பீட்டில் மேலாளர் என்னைப் பற்றி, 'குழுவோடு ஒத்துப்போவதில்லை' என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதுங்கள், போடுகிறேன் என்றேன். இன்றுவரை அவர்கள் எழுதவில்லை. நானும் போடவில்லை.