தார் போட்ட களம்

வெளியே எனக்குப் பெரிய வாயாடி என்று பேர். பஸ்ஸும் லாரியும் மோதிக் கை கால் போனவர்களுக்காக வருஷக்கணக்கில் வாதாடியவன். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் விபத்து என்றால் என் வீட்டை விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் என் கட்சிக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டால் நான் சாமியைக் கும்பிட ஆரம்பித்துவிடுவேன். எதிர்த்தரப்பு வக்கீலைக் கண்டு இல்லை. என் ஆளே வாயைத் திறந்து என்னத்தைச் சொல்லித் தொலைப்பாரோ என்றுதான் பயம்.

அதிலும் என்னைப் படாதபாடு படுத்தியவர் திருச்சுழி ரோட்டில் இருக்கும் ஒரு ஊர்க்காரம்மா. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். தனியார் பஸ் ஒன்று மோதி, வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

எங்கள் பக்கம் தை, மாசியில் குதிரைவாலி அறுத்ததும் கதிரோடு தாளைக் கொண்டுவந்து தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் கூட்டி அள்ளித் தூற்றினால் தானியம் வீட்டுக்கு வந்துவிடும், மாட்டைத் தேட வேண்டாம், ஆளையும் தேட வேண்டாம். அந்தம்மா ரோட்டோரம் நின்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் பஸ் அடித்தது.

ரோட்டில் தானியம் போட்டது யார் குற்றம் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டால், இழப்பீட்டில் பாதி போகும். நீதிபதியின் மனசைப் பொறுத்து முழுசும்கூடப் போகலாம். இதில் அந்தம்மா ரோட்டை ரோடு என்றே சொல்லமாட்டார். களம் என்பார், கதிரடிக்கும் களம். "களத்துல நின்னேன், பஸ்ஸு வந்துருச்சு" என்றுதான் முதல் நாள் என்னிடம் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் போகிற ரோட்டைத் தன் சொந்தக் களமாக நினைத்திருக்கிறாள் என்று எதிரி வக்கீல் சொல்ல எவ்வளவு நேரமாகும்? நின்றது ரோட்டோரம்தானே, உள்ளபடி ரோட்டோரம் என்றே சொல்லுங்கள் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவரும் நன்றாகத் தலையாட்டினார்.

ஜில்லா கோர்ட்டில் எதிர்த்தரப்பு கேட்ட முதல் கேள்வியே, பஸ் மோதும்போது எங்கே நின்றீர்கள் என்பதுதான்.

"களத்துலதான்யா நின்னேன்."

நான் குனிந்து கேஸ் கட்டைப் புரட்டினேன், தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வக்கீல் டவுனில் வளர்ந்தவர். களம் என்றதும் காட்டுக்குள் இருக்கும் களம் என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குமேல் தோண்டாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நீதிபதி அதை இங்கிலீஷில் சொல்ல, டைப்பிஸ்ட் அப்படியே அடித்தார். பிறகு டிரைவர் கூண்டில் ஏறினார். அந்த இடத்தில் எப்போதும் எப்படி ஓட்டுவீர்கள் என்று நான் கேட்டேன். வருசா வருசம் அறுப்பு சமயத்தில் மெதுவாகத்தான் போவேன், அன்றைக்கு டயம் ஆகிப்போச்சு என்றார் அவர். கேஸ் ஜெயித்தது. எதிர்த்தரப்பு அப்பீலுக்குப் போனது.

மதுரைக்கு ஹைக்கோர்ட் வராத காலம் அது, எதுவானாலும் சென்னைக்குத்தான் ஓட வேண்டும். அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே கோர்ட் அனுமதியோடு கொஞ்சப் பணத்தை வாங்கி, கட்டைக்காலும் வீட்டுக்குக் கூரையும் போட்டிருந்தார் அந்தம்மா. தோற்றால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"குடுத்தத திருப்பிக் கேப்பாகளாய்யா?"

கேட்கவே மாட்டார்கள் என்று சத்தமாகச் சொல்லி அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன்.

சென்னையில் அப்பீலுக்கு வேறு வக்கீல் வந்திருந்தார். அந்தப் பெண் நடுரோட்டில் நின்றாள் என்று அடித்துப் பேசினார். நீதிபதி அந்தம்மாவின் சாட்சியத்தைப் புரட்டிவிட்டு, களத்தில் நின்றதாக அல்லவா இதில் இருக்கிறது, அப்படியானால் பஸ் ரோட்டை விட்டு இறங்கிக் களத்துக்குள் போய் அடித்ததா என்று கேட்டார். அந்த வக்கீல் தன் கேஸ் கட்டைப் புரட்ட ஆரம்பித்தார். நீதிபதி என் பக்கம் திரும்பினார். களம் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

ஏதோ ஒரு தூரத்தைச் சொன்னால் போதும், அந்த நிமிஷமே அப்பீல் செத்துவிடும். உண்மையைச் சொன்னால் அந்தம்மாவின் கூரை போய்விடும். நான் அரிச்சந்திரன் இல்லை. அன்றைக்கு என்னைப் பொய் சொல்ல விடாததும், மாட்டிக்கொள்வேனோ என்ற பயம்தான். கடைசியில், களமும் ரோடும் ஒன்றுதான், எங்கள் ஊரில் அறுப்புக் காலத்தில் தார்ரோடுதான் களம் என்று திக்கித் திணறிச் சொன்னேன். எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு, இது டிரைவருக்குத் தெரியுமா என்று கேட்டார். டிரைவர் சொன்ன பதிலை எடுத்துப் படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தெரிந்திருந்தும் வேகமாக வந்திருக்கிறார் என்று சொல்லி அப்பீலைத் தள்ளுபடி செய்தார்.

ஊருக்குத் திரும்பியதும் விஷயத்தைச் சொல்ல நானே கிளம்பினேன். அப்போதும் மாசி மாதம். அந்தம்மாவின் ஊர் எல்லையில் பஸ் மெதுவானது, டயருக்கு அடியில் தாள் நொறுங்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். அந்தம்மா ரோட்டோரப் புளியமரத்தடியில் கட்டைக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ரோட்டில் கவைக்கம்பை வைத்துத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது மகள்.

ஜெயித்துவிட்டோம், இனி யாரும் எதையும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், கண் மட்டும் என்மேல் இல்லை. திருச்சுழிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"ஏத்தா, பஸ்ஸு வருது. களத்த விட்டு எறங்கு."

அந்தப் பிள்ளை கடைசியாக ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் இறங்கியது. பஸ் தாளின் மேல் ஏறிப் போகும்வரை நான் அந்தப் பிள்ளையின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.