பதினான்காவது புகார்

எங்கள் தெருவில் யார் தர்பூசணி வாங்கி வந்தாலும் தட்டு மேஸ்திரியைத் தாண்டி வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. வாசலில் நிறுத்தி இரண்டு தட்டுத் தட்டுவார். "இது தேறாது, போய் மாத்திட்டு வாங்க" என்பார். அவர் பேச்சைக் கேட்காமல் அறுத்து அசடு வழிந்தவர்களில் நானும் ஒருத்தி. கதவைத் தட்டுவார், சுவரைத் தட்டுவார், மொட்டைமாடித் தொட்டியைத் தட்டி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பார். "என் மண்டைய மட்டும்தான் இன்னும் தட்டிப் பார்க்கல. உள்ள ஒண்ணும் இல்லன்னு அவருக்கே தெரியும்போல" என்பாள் அவர் மனைவி, தையல் மெஷினை விட்டுத் தலை நிமிராமல்.

மனுஷர் இருபத்தாறு வருஷம் டைல்ஸ் போட்டவர். தெருவில் பாதி வீட்டுத் தரை அவர் கைவேலைதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டு முன்னறைக்கும் அவர்தான் போட்டார். மொத்தம் எண்பத்து நாலு டைல்ஸ். வேலை முடிந்தது, கிளம்புவார் என்று பார்த்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரண்டிப் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். நல்லது 'டங்' என்றது. இரண்டு மட்டும் 'டொப்' என்றன. ஒட்டிய இரண்டையும் பெயர்த்து எடுத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்!

"நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் பேத்தீங்க?"

"வெத்துச் சத்தம்க்கா. அடியில கலவை போய்ச் சேரல. மேல நடக்கிற உங்களுக்குத் தெரியாது, போட்ட எனக்குத் தெரியும்ல?"

குத்துக்காலிட்டு உட்கார்ந்தே பிழைத்தவருக்கு முதலில் போனது முட்டிதான். இரண்டு முட்டியும் தேய்ந்து, டாக்டர் அலுமினியக் கைத்தடி கொடுத்துவிட்டார். அதன் அடியில் மாட்டியிருந்த ரப்பரை முதல் நாளே கழற்றி எறிந்தார். ரப்பர் இருந்தால் சத்தம் கேட்காதாம். காலையில் தெரு முனை வரை போய்வருவார். டக் டக் என்று அந்தத் தடி தரையில் விழும் சத்தத்தில்தான் எங்களுக்குப் பொழுது விடியும்.

ஒருநாள் என் வீட்டுக்கு எதிரே மின்கம்பத்தருகில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரோடு வெத்தா இருக்கு."

ரோடே குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, இதில் வெத்து வேறா என்று சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் கவலை எனக்கு. எங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த அன்று, ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிட்டது. இந்தப் பள்ளத்தில் இறக்கினால் அச்சு முறிந்துவிடும் என்று டிரைவர் கையை விரித்தார். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்து, துண்டால் கட்டி, மேஸ்திரியும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேய்ந்த முட்டியோடு ஓடினார் மேஸ்திரி, அதையும் சொல்ல வேண்டும். இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் வலது கை பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். திரும்பி வந்ததும் அந்த நாற்காலியைப் பரணில் தூக்கிப் போட்டேன். இனி என் உயிர் உள்ளவரை அதைத் தொட மாட்டேன் என்று சபதம். கட்டிலை முன்னறையில் ஜன்னலோரம் போட்டு அவரைப் படுக்க வைத்தேன். அடுத்த வாரமே தெருச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டி என் வாசல் வரை வர வேண்டும்.

இரண்டு வருஷம் மனுப் போட்டேன். மேஸ்திரியும் தன் வெத்து ரோட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். குடிநீர் ஆபீஸில் அது சாக்கடைக் குழாய் என்றார்கள். சாக்கடை ஆபீஸில் அது ரோட்டுக்காரர்கள் பாடு என்றார்கள். ரோட்டுக்காரர்கள் குடிநீருக்கே திருப்பி அனுப்பினார்கள். நன்றாகப் பந்தாடினார்கள்.

பிறகுதான் நகராட்சியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மின்சாரத்தையும் சேர்த்து நாலு துறையும் ஒரே நாளில், ஒரே மேஜையில், எங்கள் தெருவிலேயே வந்து உட்காரும். நாங்கள் சேர்ந்து பட்டியல் கொடுக்க வேண்டும், அவர்கள் சேர்ந்து முடித்துக் கொடுப்பார்கள். மேஸ்திரி முதல் ஆளாக வந்தார்.

"நாலு பேரும் ஒண்ணா இருக்கும்போது ஒருத்தர் மேல ஒருத்தர் கை காட்ட முடியாதுல்லக்கா? நம்மளதையும் எழுதிக்கோங்க."

அவர் கண் முன்னாலேயே பதினான்காவதாக எழுதினேன். மின்கம்பத்தருகே ரோட்டுக்கு அடியில் மண் இல்லை, தோண்டிப் பார்க்க வேண்டும்.

பட்டியல் எப்போது வரும் என்று கேட்டு மறுநாள் ரோடு இன்ஜினியர் போன் செய்தார். நல்ல மனிதர், உள்ளதை உள்ளபடி சொன்னார். "அடியில வேலை இருக்குன்னு ஒரு வரி இருந்தாக்கூட நான் தார் போட முடியாதும்மா. தோண்டி, மூடி, மண் இறுகி, அப்புறம்தான். அடுத்த வருஷம் ஆயிடும்."

அடுத்த வருஷம்! அதற்குள் எங்கள் வீட்டுக்காரருக்கு இன்னொரு தடவை வந்துவிட்டால்? அன்றைக்குச் சாயங்காலம் பட்டியலைப் புதிதாக எழுதினேன். பதின்மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானேதான் செய்தேன்.

அந்த நாள் வந்தது. பந்தல், நாற்காலி, வரிசையாக வண்டிகள். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை. சாய்ந்த மின்கம்பத்தை நிமிர்த்தினார்கள். சாக்கடையைத் தூர் வாரினார்கள். எரியாத விளக்கெல்லாம் எரிந்தன. ஒவ்வொரு புகாராக வாசித்து, முடிந்தது என்றதும் ஜனங்கள் கை தட்டினார்கள். பதின்மூன்றையும் வாசித்துத் தாளை மடித்தபோது மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். அவர் எழுந்து மேஜைக்கே போய்விட்டார்.

சாக்கடைத் துறை இன்ஜினியர் சின்ன வயசுப் பெண். "பட்டியல்ல இருக்குங்களாய்யா?" என்று மரியாதையாகக் கேட்டாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அவருக்கு வீட்டுல பொழுது போகல மேடம். தர்பூசணியில ஆரம்பிச்சு இப்ப ரோட்டுக்கு வந்துட்டாரு."

பந்தலே சிரித்தது. மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. ரோட்டுக்கு அடியில் எந்தப் புகாரும் இல்லை என்ற தாளில், "உறுதிதானேம்மா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுத்தான் ரோடு இன்ஜினியர் என் கையெழுத்தை வாங்கினார். உறுதி என்று போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் மட்டும் கிளம்பும்போது மேஸ்திரியிடம் தன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நாலே நாளில் ரோடு போட்டார்கள். கறுகறுவென்று, சோறு போட்டுச் சாப்பிடலாம் போல. அடுத்த மாதச் செக்கப்புக்கு ஆம்புலன்ஸ் என் வாசலில் வந்து நின்றபோது நான் அழுதேவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர்கூடக் கோணிய வாயோடு, "செயலாளரம்மா சாதிச்சுட்டாங்க" என்று கிண்டல் செய்தார்.

மேஸ்திரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை. மனைவியிடமிருந்து துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியை வாங்கிப் போய், வெத்தாகக் கேட்கும் இடம் வரை ரோட்டில் வட்டம் போட்டார். முதல் வட்டம் மின்கம்பத்தைச் சுற்றி ஒரு குடை அகலம்தான். பத்து நாளில் இன்னொரு வட்டம், அதைவிடப் பெரியது. மழை வந்து அழிக்கும், மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுவார். அது ரோட்டின் நடுவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. "பைத்தியமாயிட்டாரு, சாக்கட்டியெல்லாம் தீருது" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

எனக்கும் சில தெரிந்துதான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? காலையில் குழாயைத் திறந்தால் முதல் வாளித் தண்ணீரில் மணல் வந்தது. மழை விட்டதும் வாசலுக்கு நேரே ஒரு தட்டு அளவு தண்ணீர் தேங்கும், வெயிலே அடிக்காத நாளிலும் அரை மணியில் காணாமல் போகும். இரும்புக் கேட் தரையில் உரச ஆரம்பித்தது. துரு என்று வெல்டரைக் கூப்பிட்டுக் கீழே தேய்க்கச் சொன்னேன். மூன்றாம் வாரம் மறுபடியும் உரசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் கையெழுத்து வெளியே வருமே!

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கேட் கிறீச்சிட்டது. மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். கேட் உரசி வைத்திருந்த கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"இது எப்பலேர்ந்துக்கா?"

நான் சொல்வதற்குள் தட்டிக்கொண்டே படியேறிவிட்டார். முதல் படி, இரண்டாம் படி, வாசல் நிலை. முன்னறைக்குள் வந்ததும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார முயன்றார். முட்டி மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கட்டிலிலிருந்து எங்கள் வீட்டுக்காரர், "என்ன மேஸ்திரி, மறுபடியும் பேக்கப் போறீங்களா?" என்றார்.

"சும்மா பார்க்கிறேன்ணே."

உள் சுவர் ஓரத்திலிருந்து விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தார். டங். டங். டங். ஒவ்வொன்றுக்கும் எனக்கு மூச்சு வந்தது. ஆறு வரிசை நன்றாக இருந்தது. ஏழாவது ஜன்னலோர வரிசை. கட்டிலுக்கு அடியில் கையை நீட்டித் தட்டினார்.

டொப்.

பக்கத்தில் இருந்ததைத் தட்டினார். அதுவும் டொப். கட்டிலின் நீளத்துக்கும் அப்படியே.

அவர் என்னை ஏசியிருக்கலாம். அதற்கு எல்லா உரிமையும் உண்டு அவருக்கு. தரையைத் தடவிக்கொண்டு, "நான் போட்டப்ப இது வெத்தா இல்லக்கா" என்று மட்டும் சொன்னார்.

"தெரியும் மேஸ்திரி. எனக்குத் தெரியும்."

சட்டைப் பையிலிருந்து கசங்கிய துண்டுச் சீட்டை எடுத்து அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். இரண்டே வரிதான் சொன்னார். அந்தப் பக்கம் அவள் பதறிப் பேசுவது எனக்கும் கேட்டது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். எங்கள் வீட்டுக்காரரை உடனே கிளப்ப வேண்டும், வேறெதுவும் தோன்றவில்லை. மேஸ்திரி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வண்டிய மட்டும் கூப்பிடாதீங்கக்கா. தெருவுக்குள்ள சைக்கிள்கூட வரக்கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. அந்த வெயிட்ட ரோடு தாங்காது." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த நாற்காலி இன்னும் இருக்கா?"

பரண் உள் சுவர்ப் பக்கம் இருந்தது. நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். ஏறப் போன என்னைக் கையமர்த்திவிட்டு, ஸ்டூலின் நாலு காலும் நிற்கும் இடத்தை மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"ஏறுங்க" என்றார்.