வலிக்கிற இடத்தில் புள்ளி வைக்கச் சொல்கிற வேலை

மடியில் முறம், பக்கத்தில் ஒரு கூடை புளி. கொட்டை எடுத்துக்கொண்டே, நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உடம்பு பூராவும் மாசக்கணக்கில் வலிக்கிற ஒரு நோய் உண்டு, அது பொய்யில்லை என்று ஒரு தொண்டு நிறுவனத்தின் நோட்டீஸோடு வீடு வீடாகச் சொல்வதுதான் என் வேலை. அஞ்சாவது வரை படித்தவளுக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்ல வரவே இரண்டு வாரம் ஆனது. காயம் இருக்காது, வீக்கம் இருக்காது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. வலி மட்டும் இருக்கும். உங்களில் யாருக்காவது இருந்தால் இதற்குமேல் விளக்க வேண்டாம்.

எனக்கும் இருக்கிறது. மகளை இடுப்பில் தூக்க முடியவில்லை என்று வீட்டில் சொன்னேன். வேலைக்கு வளையாத உடம்பு என்றார்கள். ஊரை நம்ப வைத்தால் வீடும் நம்பும் என்று நினைத்துத்தான், கூச்சத்தை விட்டு இந்த வேலைக்கு வந்தேன்.

பொம்மைப் படம்

எங்கள் நோட்டீஸில் ஒரு மனுஷ உடம்பு வரைந்திருக்கும். வலிக்கிற இடத்தில் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலைமேல் ஒரு பெரியம்மா கழுத்து, தோள், முட்டி என்று புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். எனக்குச் சந்தோஷம். தாளின் தலையில் எழுதப் பேர் கேட்டேன். பேனா நின்றுவிட்டது. உடம்பை வரைந்து, புள்ளி குத்தி, பேரும் எழுதி எடுத்துப் போகிறவள் சூனியம் வைக்கத்தானே போவாள்? தாளைப் பத்திரமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "இந்த வலி பழகிப் போச்சும்மா. நீ வேற புதுசா ஒண்ணு வச்சிட்டுப் போவாத."

துணிக்கடை பாய்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு பாய் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். நோட்டீஸை ஒரு வரி விடாமல் படித்தார். இவ்வளவு பொறுமையாக யாரும் படித்ததில்லை. வீட்டில் யாருக்காவது இப்படி வலி உண்டா என்று கேட்டேன். "எங்க வூட்டுக்காரம்மா தெனமும் சொல்லிக்கினுதான் இருப்பாங்க. இன்னிக்குத்தான் கொஞ்சம் அமைதி, அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க."

கருணாபுரத்து அக்கா

சித்தாள் வேலைக்குப் போகிறவர். விஷச் சாராயத்தில் புருஷனை இழந்தவர் என்பது தெரியாமல், நான் வழக்கம்போல, "உடம்பு வலியை லேசா விட்டுடக் கூடாதுக்கா" என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. நோட்டீஸைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். "அவரும் ஒடம்பு வலின்னு சொல்லித்தான் குடிக்கப் போனாரு. அந்தப் பேச்சு இந்த வூட்ல வேணாம் கண்ணு."

எங்கள் தெருக் கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலேயே பேசச் சொன்னார்கள். மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக்கைப் பிடித்தேன். பிள்ளையைத் தூக்க முடியாதவர்கள், காலையில் விரலை மடக்க முடியாதவர்கள், சொன்னாலும் வீட்டில் யாரும் நம்பாதவர்கள் என்று என் கதையையே வேறு யாருடையதோபோல் சொன்னேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா, வீடும் நம்பிவிட்டது என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து பக்கத்து வீட்டம்மாவிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன்: "பாவம், யாரு பெத்த பொண்ணுங்களோ. நல்ல காலம், நம்ம வூட்ல அப்டி யாரும் இல்ல."

ஆகமொத்தம், வலிக்கிறது என்று ஊருக்குச் சொன்னால் அதற்குப் பேர் விழிப்புணர்வு, அதையே என் வீட்டில் சொன்னால் அதற்குப் பேர் — இருங்க, அத்தை கூப்பிடுகிறார், தண்ணி லாரி வந்துவிட்டதாம், நாலு குடத்தையும் நான்தான்